வரைபட ஓட்டமும் நடத்துபவரின் பொறுப்பும்

ஒரு கையில் வரைபடம், மறு கையில் காந்தத் திசைகாட்டி. வழி சொல்ல ஆள் கிடையாது. வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த சிறு கொடிகள் உள்ள குறியிடங்களை வரிசைப்படி கண்டுபிடித்து, விரைவில் திரும்புபவரே வென்றவர். இதுவே ‘ஓரியன்டியரிங்’ என்னும் விளையாட்டு. பொதுமக்களுக்கான முதற் போட்டி 1897-இல் நார்வேயில் நடந்தது. ஓடுபவருக்கு இது விளையாட்டு, நடத்துபவருக்கோ அளவையியல்!

மாணவர்களே, நங்கநல்லூரில் இப்படியொரு போட்டியை நீங்கள் நடத்துவதாகக் கொள்வோம். அங்கே எண்ணிட்ட தெருக்களில் முகவரி தேடி அலைந்தவர்கள், இடத்தேர்வு சரிதான் என்பார்கள்.

முதலில் வரைபடம். 1802 ஏப்ரலில், அருகேயுள்ள பரங்கிமலைப் பகுதியில்தான் லாம்டன் தம் புகழ்பெற்ற நில அளவைக்கு அடிக்கோடு அளந்தார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கி.மீ.; கருவியோ 100 அடி எஃகுச் சங்கிலி. சங்கிலியின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் தவறாகக் கணித்தால், எஃகின் விரிவினால் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 14 செ.மீ. பிழை நேரும். ஆகவே வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்தே அளந்தார். உங்களுக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். 1:4000 அளவுப் படத்தில் 1 மி.மீ. என்பது 4 மீட்டர். ஆனால் சென்ற மாதம் எழுப்பிய மதிற்சுவரும், நேற்று தோண்டிய பள்ளமும் படத்தில் இருந்தாக வேண்டும். எனவே போட்டிக்கு முதல் நாள் முழு வழியையும் நடந்தே பாருங்கள்.

அடுத்தது திசை. சென்னையில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஒன்றிரண்டு பாகை மேற்கே விலகியுள்ளது. ஊர்ப்படத்தை அப்படியே நகலெடுத்தால், ஒன்றரைப் பாகைப் பிழை 500 மீட்டரில் 13 மீட்டராகிவிடும். அதாவது, அடுத்த வீட்டு வாசல்! ஆதலால் படத்தில் காந்த வடக்குக் கோடுகளையே வரையுங்கள். இரும்புக் கேட், நிறுத்திய லாரி ஆகியவற்றின் அருகே குறியிடம் வேண்டாம். முள் பொய் சொல்லும்.

காவல்துறை, மாநகராட்சி அனுமதி பெறுவதும் குடிநீர் வைப்பதும் எல்லா விழாக்களுக்கும் உரியவையே. இங்கே சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பழவந்தாங்கல் ரயில் பாதை. ஓட்டம் முழுவதும் அதற்கு ஒரே பக்கத்தில் அமையட்டும். சுற்றிவரச் சோம்பும் சிறுவன் தண்டவாளத்தைத் தாண்டத்தான் பார்ப்பான்.

எல்லாவற்றிலும் பெரிய பொறுப்பு, என் கருத்தில், எண்ணிக்கை. புறப்படும்போது ஒவ்வொருவர் அட்டையிலும் ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டவரும் முடிவிடத்திற்கு வந்து அட்டையைத் தர வேண்டும். 60 துண்டுகள், 59 அட்டைகள் என்றால் பரிசளிப்பைத் தொடங்காதீர்கள்.

குறியிடத் தொண்டர்கள் ஒவ்வொருவரும் கடந்த நேரத்தைக் குறித்திருந்தால், அந்த ஒருவன் கடைசியாகத் தென்பட்ட இடம் தெரியும். மணிக்கு 5 கி.மீ. நடந்தால் 10 நிமிடத்தில் அவன் சுமார் 830 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திற்குள் எங்கும் இருக்கலாம். 20 நிமிடத்தில் ஆரம் இரு மடங்கு, தேட வேண்டிய பரப்போ நான்கு மடங்கு. ஆகையால் வந்துவிடுவான் என்று காத்திராமல் உடனே தேடக் கிளம்புங்கள். அவன் கிடைக்கும்வரை தொண்டர்கள் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.