கடியாக் கொசுவுக்குப் புதுப் பெயர்

விளக்கைச் சுற்றும் சிறு பூச்சிகளை எல்லாம் கொசு என்றே எண்ணி நாம் அடித்துவிடுகிறோம். அவற்றுள் கடிக்காதவையும் உண்டு. உருவில் கொசுவை ஒத்திருப்பினும், இரத்தம் உறிஞ்சும் நீண்ட ஊசிவாய் அவற்றுக்கு இல்லை.

ஆப்பிரிக்காவில் அத்தகைய பூச்சி ஒன்று, பாறைக்குழிகளில் தேங்கும் மழைநீரில் வளர்கிறது. 1951ஆம் ஆண்டில் ஹிண்டன் என்னும் அறிஞர் அதனைப் 'பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி' எனப் பெயரிட்டு விவரித்தார். குழி வற்றினால் அதன் புழு சருகுபோல் காய்ந்துவிடும், ஆயினும் இறப்பதில்லை! உடலில் நிறையும் டிரிஹாலோஸ் என்னும் சர்க்கரை அதனைக் காக்கிறது. பதினேழு ஆண்டுகள் காய்ந்து கிடந்த புழுவும் நீர் பட்டதும் உயிர்த்தெழுந்ததாம்.

மலாவி நாட்டுப் பாறைக்குழிகளிலும் இவ்வாறே காய்ந்து உயிர்க்கும் புழுக்கள் கிடைத்தன. நாமாக இருந்தால், 'அதே பூச்சிதானே' என்று விட்டிருப்போம். ஆய்வாளர்கள் விடவில்லை. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது வேறு இனம் எனக் கண்டு, 2017இல் 'பாலிபெடிலம் பெம்பாய்' என்று பெயர் சூட்டினர்.

புதிய இனம் என்று வாயால் சொன்னால் போதாது. கால், இறகு, ஆண் பூச்சியின் வால்நுனி ஆகியவற்றை நுண்ணோக்கியில் நோக்கி, அளந்து, எழுதி வெளியிடல் வேண்டும். பெயருக்குச் சான்றாக ஒரு பூச்சியைத் தேர்ந்து பாதுகாத்து வைத்தலும் வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், ஆய்வாளர்கள் அந்த ஒரு பூச்சியுடன்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.