உப்புக் காற்றுக்குத் தாங்கும் டெப்: மன்னார்க் கரையினருக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கடலோரமாக வரிசையில் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையம் அது. மே மாதத்தில் எழும் சோளகம் செப்டெம்பர் வரை ஓயாது என்பதே அந்தக் கரையின் பலம். அதே சோளகந்தான் அலையிலிருந்து உப்புத் துளியையும் கரையிலிருந்து பொடிமணலையும் அள்ளிக்கொண்டு தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வீட்டு யன்னல்களுக்குள் நுழைகிறது. பழைய டெப்பை மாற்றிப் புதியது வாங்க நினைப்பவர் கடை வாசலுக்குப் போகுமுன் கணக்கில் எடுக்க வேண்டியது இந்தக் காற்றைத்தான். பொதுவாக வரும் வழிகாட்டிகள் புரொசசரின் வேகத்தையும் கமராவையும் ஒப்பிட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. இந்தக் கரையில் ஒரு டெப்பின் ஆயுளைத் தீர்மானிப்பவை உப்பு, மணல், வெக்கை, மின்தடை ஆகிய நான்கும். அதனால் கையிலுள்ள காசு முழுவதையும் கருவியில் கொட்டாமல், ஒரு படி குறைந்த டெப்பை எடுத்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உறைக்கும் கண்ணாடிக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்குவதே சரியான தெரிவு.

உப்பு என்ன செய்கிறது என்பதை அடுப்படியில் எல்லோரும் பார்த்திருப்போம். மாரியில் உப்புப் போத்தல் கசிந்து ஈரமாகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். டெப்பின் அடியிலுள்ள ரைப்-சி துளைக்குள்ளும் இதுவே நடக்கிறது. அந்தச் சிறு துளைக்குள் 24 முனைகள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பகலில் அங்கே படிந்த உப்புப் பொடி காய்ந்து கிடக்கும். இரவில் ஈரப்பதன் ஏறியதும் மின்னைக் கடத்தும் திரவமாக மாறும். அந்த நேரத்தில் சார்ஜ் வயரைச் செருகினால் முனைகளுக்கிடையே மின் கசிந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். முதலில் வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். பிறகு எப்படிப் பிடித்தாலும் ஏறாது. திரையும் புரொசசரும் நல்ல நிலையில் இருக்க, ஒரு துளையால் முழுக் கருவியும் மூலையில் கிடக்கும். சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் இறப்பர் அடைப்பானும், மென்மையான உலர்ந்த தூரிகையும், ஈரமான துளையில் வயர் செருகாத பழக்கமும் இங்கே வேகமான புரொசசரைவிட அதிக ஆண்டுகளைத் தரும்.

இந்தக் கணக்கில், மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வி முதலில் வருகிறது. புதிய மாடல் வந்துவிட்டது என்பது காரணமல்ல. பற்றரி அரை நாள்கூடத் தாங்கவில்லை என்றால் பற்றரியை மாற்றலாம். இடம் நிரம்பிவிட்டது என்றால், மைக்ரோ எஸ்டி துளையுள்ள டெப்புக்கு ஒரு அட்டை போதும். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுவிட்டால்தான் உண்மையான காரணம் பிறக்கிறது; வங்கிக் கணக்கும் அரச சேவைகளும் அதே கருவியில் திறக்கப்படும் காலம் இது. 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட்டுக்கு 2025இல் வந்த ஐபேட் ஓஎஸ் 26 கிடைக்கவில்லை. அதை வைத்திருப்பவர் மாற்றத் திட்டமிடலாம். 2021இன் ஒன்பதாம் தலைமுறை ஐபேட்டை வைத்திருப்பவருக்கு, துளையும் பற்றரியும் நலமாக இருந்தால், அவசரமில்லை.

மாற்றுவதென்று முடிவானால், எதை வாசிக்கப் போகிறோம் என்பது திரையின் அளவைத் தீர்மானிக்கட்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களும், கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்துப் பாடங்களும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வரும் நூலகம் தளத்தின் பக்கங்களும் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. இவற்றின் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஆகவே பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. 8.7 அங்குலச் சாம்சங் டெப் ஏ9இன் திரை அகலம் ஏறத்தாழ 113 மி.மீ. தான், தாளின் எழுத்து பாதியளவுக்குச் சுருங்கிவிடும். 11 அங்குல டெப் ஏ9 பிளஸில் அகலம் ஏறத்தாழ 148 மி.மீ.; எழுத்து பத்தில் ஏழு பங்காக நிற்கும். ஐபேட்டின் திரை சற்று அகன்ற வடிவம் என்பதால் 158 மி.மீ. கிடைக்கிறது, எழுத்து நான்கில் மூன்று பங்கு. கொம்பும் புள்ளியும் பிரித்தறிய வேண்டிய தமிழ் எழுத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. உயர்தர வினாத்தாள்களை மணிக்கணக்கில் வாசிக்கும் மாணவருக்கு 8 அங்குல டெப் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வாடியிலும் படகிலும் வானிலை பார்க்கவோ, களத்தில் படிவம் நிரப்பவோ வேண்டியவருக்கு அதே 8 அங்குலம் கைக்கு அடக்கம்.

இப்போது நான்கு தெரிவுகளை அருகருகே வைப்போம். 2023இல் வந்த கலக்சி டெப் ஏ9 பிளஸ் வாசிக்கவும் காணொளிப் பாடம் பார்க்கவும் போதுமானது. மைக்ரோ எஸ்டி துளையும் ஹெட்போன் துளையும் உண்டு. நீர்க்காப்பு கிடையாது, சாம்சங்கின் எஸ் பென் பேனாவைப் பாவிக்க முடியாது. 2025 மார்ச்சில் வந்த ஏ16 ஐபேட் வேகத்திலும் மென்பொருள் ஆயுளிலும் அதைவிட நிச்சயமாக மேல். அதற்கும் நீர்க்காப்புத் தரம் இல்லை, அட்டைத் துளையும் இல்லை, எழுதும் அப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த கலக்சி டெப் எஸ்10 எஃப்இயும் அதற்கு முந்திய எஸ்9 எஃப்இயும் ஐபி68 தரத்தில் தூசையும் நீரையும் தடுப்பவை. எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. 2024இன் கலக்சி டெப் அக்டிவ்5 வெளிவேலைக்கென்றே செய்யப்பட்டது: 8 அங்குலம், ஐபி68, கையால் கழற்றி மாற்றக்கூடிய பற்றரி. இவற்றில் மன்னார்க் கரையின் பெரும்பாலான வீடுகளுக்கு எஸ் எஃப்இ வரிசை பொருந்துகிறது. காசு இறுக்கமானால் ஏ9 பிளஸும் நல்ல உறையும். கடலுக்குப் போகிறவருக்கு அக்டிவ்5.

எஃப்இயை முன்னே வைப்பதற்கு நீர்க்காப்பு ஒரு காரணம், பேனா இன்னொன்று. எஸ் பென் எழுதுவதற்குத் தனிப் பற்றரி தேவையில்லை. திரையின் மின்காந்தப் புலமே அதற்குப் போதும். அப்பிள் பென்சிலுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையக் கோளாறு ஒன்று நாடு முழுவதையும் இருட்டாக்கியது. அப்படியான நாட்களில், சார்ஜ் ஏற்ற வேண்டிய பொருள் ஒன்று குறைவது நேரடி இலாபம். உப்பு புகக்கூடிய துளையும் ஒன்று குறைகிறது.

ஐபி68 இருந்தால் உறையும் அடைப்பானும் எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தரம் நன்னீரில், ஆய்வுகூட நிலையில் அளக்கப்பட்டது. கடற்கரையிலும் நீச்சல் தடாகத்திலும் பாவிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார். உள்ளே நீர் போகாமல் தடுப்பது ஒன்று, வெளியே திறந்திருக்கும் உலோக முனைகளை உப்பிலிருந்து காப்பது வேறொன்று. அதோடு, ஒருமுறை திரை மாற்றிய டெப்பில் பழைய ஒட்டு அதே இறுக்கத்தில் திரும்புமென்று உறுதியில்லை. ஆகவே ஐபி68ஐ மழைத்தூறலுக்கும் தவறிச் சிந்தும் தேத்தண்ணீருக்குமான காப்பாகக் கொள்ளுங்கள். கடல்நீர் பட்டால் நிறுத்திவைத்து, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பின்னரே சார்ஜ் போட வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: ஐபேட் கூடுதல் ஆண்டு மேம்படுத்தல் பெறுவதால் கணக்குப் பார்த்தால் அதுதானே மலிவு? ஏ9 பிளஸோடு மென்பொருளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் உண்மைதான். குளிரூட்டிய அறையில் மேசையில் இருக்கப்போகும் டெப்புக்கு ஐபேட்டையே தெரிவுசெய்யலாம். ஆனால் ஐபேட்டுக்கு அப்பிள் குறிக்கும் பாவனை வெப்பநிலை 35 பாகை செல்சியஸ்வரைதான். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் நடுப்பகல் வெக்கை அதைத் தாண்டும். லிதியம் பற்றரி வெக்கையிலும் முழுச் சார்ஜிலும் விரைவாகத் தளர்கிறது. மென்பொருள் ஏழு ஆண்டுகள் வரும், துளையும் பற்றரியும் மூன்றில் போய்விடும் என்றால் அந்த மிச்ச ஆண்டுகள் காகிதத்தில்தான். ஐபேட்டுக்கு ஒரு சாதகமும் உண்டு: ஏ16 மாடலில் மேற்கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்படவில்லை, அதனால் உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றலாம். எந்த நிறுவனமானாலும், அதிகாரபூர்வச் சேவை நிலையம் எங்கே, திரை மாற்ற எவ்வளவு, உத்தரவாதம் யார் பெயரில் என்ற மூன்றையும் காசு கொடுக்குமுன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கொழும்பு இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் டெப் நம் ஊர்களில் பலருக்கு உண்மையான தெரிவு. சிம் போடும் மாடலானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி பெறாத கருவிகளைப் புதிதாக வலையமைப்பில் இணைக்க முடியாதென்ற விதி 2025 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஐஎம்ஈஐ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, கருவியின் 15 இலக்க அடையாள எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் கிடையாது, கடலில் இடம் பார்க்க அது உதவாது. பாவித்த ஐபேட்டானால் பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டுத் திறக்காது. தலைமன்னாரிலிருந்து இந்தியக் கரை சுமார் 30 கிலோமீற்றர்தான் என்பதால், சிம் உள்ள டெப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்துவைப்பதும் நல்லது.

துணைப்பொருட்களில் முதலிடம் உறைக்கு. மூலைகள் தடித்து, சார்ஜ் துளைக்கு மூடியுள்ள உறையே இங்கு வேண்டும். அழகான காந்த மூடியை நம்பாதீர்கள். மன்னார் மணலில் இல்மனைட் கனிமம் கலந்திருக்கிறது. வலுவான காந்தம் அந்தக் கரும்பொடியை ஈர்த்து மூடியின் விளிம்பில் சேர்த்துவைக்கும், திறந்து மூடும்போதெல்லாம் அது திரையில் உராயும். சாதாரண மணலின் குவாட்ஸ்கூடக் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆகவே இரண்டாவது, மாற்றக்கூடிய பாதுகாப்புக் கண்ணாடி. கீறல் அதில் விழட்டும். மூன்றாவது பவர் பாங்க். 10,000 மில்லியம்பியர் மணி என்பது 37 வாட் மணி. மாற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகும். எஃப்இயின் பற்றரி ஏறத்தாழ 31 வாட் மணி என்பதால் அது ஒருமுறைகூட முழுதாக ஏற்றாது, 20,000 வாங்குங்கள். நான்காவது நல்ல சாஜர். பல பெட்டிகளில் அது வருவதில்லை, மலிவான சாஜர் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. கீபோர்ட் கடைசியில். வாங்குவதென்றால் திறந்த உலோக முனைகளால் இணைவதை விட்டு புளூடூத் கீபோர்ட்டை எடுங்கள்; பாமினி அல்லது ரெங்கநாதன் முறையில் தட்டச்சுப் பழகியவர் கடையிலேயே தமிழில் ஒரு பந்தி அடித்துப் பார்க்க வேண்டும்.

துணைப்பொருளுக்கு இவ்வளவு காசா என்று தயங்குவோர் ஒன்றை எண்ணட்டும். 18 வீத வற் வரியோடு வாங்கும் கருவி அது. பல வீடுகளில் ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பு முழுவதும் அதில்தான் நடக்கும். உறையும் கண்ணாடியும் அடைப்பானும் சேர்ந்து ஒரு திரை மாற்றும் செலவுக்குக் கிட்டவும் வராது. எனவே மாடல் பெயரோடு கடைக்குப் போகாமல், ஒரு தாளில் இந்த ஒழுங்கை எழுதிக்கொண்டு போங்கள்: துளைக்குக் காப்பு, திரையின் அகலம், சேவை நிலையம், பேனா, அதன்பிறகு வேகம். டெப்பையும் உறையையும் ஒரே நாளில் வாங்குங்கள். அந்த மாடலுக்கு நல்ல உறை கிடைக்காவிட்டால், அந்த மாடலை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.