இத்தாலியில் 14 நாள்: பயணத் திட்டம் பற்றி ஒரு பாடம்

தேர்வுகள் முடிந்ததும் ஐரோப்பாவைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை நம் மாணவர் பலருக்கு உண்டு. அந்த ஆசையில் இத்தாலிக்குத் தனி இடம். ரோம், நேப்பிள்ஸ், பலேர்மோ, பீசா, புளோரன்ஸ், வெனிஸ், மிலான் என்று பட்டியல் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் பட்டியல் வேறு, திட்டம் வேறு. இருக்கும் நாளுக்கு எந்த ஊர்களை விடுவது என்று முடிவு செய்யும்போதுதான் பட்டியல் திட்டமாகிறது.

ஒரு செயலில் இறங்குமுன் பணம், வழிவகை, காலம், செய்ய வேண்டிய வேலை, அதற்குரிய இடம் ஆகிய ஐந்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். 'வினைசெயல்வகை' என்னும் அந்த அதிகாரம் பொருட்பாலில் உள்ளது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் வீரமாமுனிவர். அவர் இத்தாலியர். ஆகவே இந்த ஐந்தையும் கொண்டே நம் இத்தாலிப் பயணத்தைத் திட்டமிட்டுப் பார்ப்போம்.

காலம்

நாள்களை எண்ணாமல் இரவுகளை எண்ண வேண்டும். 14 நாள் என்பது 13 இரவு. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். பெட்டி கட்டுவது, அறையை ஒப்படைப்பது, ரயில் நிலையம் போவது, புதிய விடுதியைத் தேடுவது எல்லாம் அதில் அடங்கும். எட்டு ஊர் என்றால் ஏழு மாற்றம். மூன்றரை நாள் பெட்டியோடு கழியும். ஐந்து ஊர் என்றால் இரண்டு நாளோடு முடியும்.

பருவமும் முக்கியம். மே மாதத்தின் பிற்பாதி நமக்கு ஏற்றது. பகல் நீளம், ஜூலை, ஆகஸ்டு மாதக் கடும் வெயிலும் இராது. ஆகஸ்டு 15ஐ ஒட்டி இத்தாலியரே விடுமுறையில் செல்வதால் பல சிறு கடைகள் மூடியிருக்கும்.

இடம்

ஊர்களைத் தேர்ந்தெடுக்க ஓர் இழை வேண்டும். ஓவியம், கட்டடக் கலை, உணவு, காற்பந்து எதுவாகவும் அது இருக்கலாம். தமிழ்ப் பேரவை மாணவர்களாகிய நாம் தமிழோடு உறவுள்ள இடங்களை இழையாகக் கொண்டால் பாதை இவ்வாறு அமையும்:

ரோம், 4 இரவு. சிராங்கூன் சாலைக் கடைகளில் நாம் வாங்கும் மிளகு அன்று சேரநாட்டு முசிறியிலிருந்து ரோமுக்குக் கப்பலேறியது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தொமீசியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சங்கள் ரோமானிய மன்றத்தின் அருகே உள்ளன. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி பிறந்த நகரமும் இதுவே.

நேப்பிள்ஸ், 2 இரவு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிற்பம் ஒன்று 1938இல் கிடைத்தது. அது இன்று நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புளோரன்ஸ், 3 இரவு. இங்கிருந்து அரெஸ்ஸோவுக்கு ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் கண்டெடுத்த சிவப்பு மெருகு மட்பாண்ட வகை, இவ்வூரின் பழம்பெயரால்தான் 'அரெட்டைன்' எனப்படுகிறது.

மாந்துவா, 2 இரவு. இங்கிருந்து பேருந்தில் சென்றால் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் சிற்றூர். 1680இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர் இது. சதுரகராதி தந்தவரும் தேம்பாவணி பாடியவரும் இங்கிருந்து வந்தவரே. 1859இல் சொல்ஃபெரினோ போரில் காயமுற்றவர்களை இவ்வூர் மக்கள், எந்தப் படையினர் என்று பாராமல் பேணினர். அதைக் கண்ட ஹென்றி துனாந்தின் எண்ணத்திலிருந்தே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அதற்கோர் அருங்காட்சியகமும் இங்குண்டு.

வெனிஸ், 2 இரவு. இது எந்த இழையிலும் சேராது. பார்க்க வேண்டும் என்ற ஆசையே போதிய காரணம்.

பீசா விடுபடுகிறது. பலேர்மோவை விடுவது மனத்துக்கு வருத்தம்தான். அங்கு வாழும் ஈழத் தமிழர், இந்துக்களும்கூட, பெல்லெகிரினோ மலைமேல் உள்ள புனித ரொசாலியா திருத்தலத்துக்கு ஏறிச் சென்று வழிபடுகின்றனர். ஆயினும் தீவுக்குப் போய்வர மூன்று நாள் வேண்டும். அதை அடுத்த பயணத்துக்கு வைப்போம்.

பொருள்

ரோமில் இறங்கி மிலானில் விமானம் ஏறுங்கள். தொடங்கிய ஊருக்கே திரும்பும் ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும். வேக ரயில்களில் முன்கூட்டி வாங்கும் சீட்டு மலிவு. அரெஸ்ஸோ போன்ற ஊர்களுக்குச் செல்லும் வட்டார ரயிலுக்கு அவசரமில்லை. காகிதச் சீட்டென்றால் ஏறுமுன் நிலைய இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், தவறினால் அபராதம். விடுதிகளில் தலைக்கு இத்தனை யூரோ என்று நகர வரி தனியாக உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

கருவி

இங்கேதான் நட்புக்குச் சோதனை. நம் குழுக்களில் சிங்கப்பூர்க் கடப்பிதழும் இருக்கும், இந்தியக் கடப்பிதழும் இருக்கும். முன்னதற்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. பின்னதற்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, தங்குமிடம், திரும்பும் பயணம் ஆகியவற்றுக்குச் சான்று கேட்பார்கள்.

ஆகவே விசா தேவைப்படுபவரின் நாளேட்டை வைத்தே குழுவின் தேதியை முடிவு செய்யுங்கள். விசா கைக்கு வரும்வரை இரத்து செய்யக்கூடிய விடுதிகளையே பதிவு செய்யுங்கள். சீட்டு மலிவாகக் கிடைத்தது என்று நால்வர் முந்திக்கொண்டு வாங்கிவிட, ஐந்தாமவர் சாங்கி வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புவது நல்ல திட்டமன்று.

வினை

எந்த நாளில் எது மூடியிருக்கும் என்று பார்த்தே ஊர்களின் வரிசையை உறுதி செய்ய வேண்டும். புளோரன்ஸின் உஃபீசி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் திறப்பதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு. கொலோசியச் சீட்டில் பெயர் அச்சாவதால் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். நம் தந்தை பெயர்கள் இடம் மாறிவிடுவது வழக்கம். வெனிஸில் சில நாள்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குவோர் அதைச் செலுத்த வேண்டாம். ஆனால் விலக்கைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும்.

சைவ உணவினருக்கு ஒரு சொல். பாஸ்தாவின் மேல் தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பைச் சாற்றால் உறைய வைக்கப்படுவது. மரினாரா பிட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டுமே. தயங்காமல் கேட்டு வாங்கலாம்.

பயிற்சி

ஒரு தாளில் 13 கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் ஓர் இரவு. ஒவ்வொரு கோட்டிலும் ஊரின் பெயரையும், அந்த ஊர் ஏன் வேண்டும் என்பதை ஒரே வரியிலும் எழுதுங்கள். 'எல்லாரும் போகிறார்கள்' என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றாத ஊரை அடித்துவிடுங்கள். மீதமாகும் இரவுகளை, காரணம் அதிகம் உள்ள ஊருக்குக் கொடுங்கள். அந்தத் தாளைக் குழுவில் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகு விமானச் சீட்டு வாங்கலாம்.