மரத்தில் கோடரி வைக்குமுன்

1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு இடம்பெயர்ந்தோர், 2009இன் பின் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது வளவு பற்றைக்காடாய்க் கிடக்கக் கண்டனர். வீட்டு வளைக்கும் சிலாகைக்கும் முதலிற் கண்ணிற் படுவது பனைதான். “மாநகர சபைக்குள் ஒரு சட்டம், பிரதேச சபைக்குள் வேறு சட்டமாமே?” என்று பலர் கேட்கிறார்கள்.

வளவு மரத்துக்கு அப்படியில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந் தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஒன்றே. பலா, ஈரப்பலா, பெண்பனை என்பன சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வடலி ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை தெரியாது. அதற்கு 12, 15 வருடங்கள் செல்லும். ஆகவே ‘ஆண்பனை’ என்று நீங்களே தீர்மானித்துத் தறிக்கவேண்டாம்.

கிராம அலுவலரிடம் முதலிற் செல்லுங்கள். வயதானவர்கள் இன்றும் கச்சேரிக்கே புறப்படுகிறார்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் பின் இந்த அலுவல் பிரதேச செயலகத்துக்குரியது.

வேறுபாடு வேலிக்கு வெளியேதான். ஒழுங்கையோர மரத்துக்கு அவ்விடத்துச் சபையைக் கேட்கவேண்டும். பெருந்தெருவாயின் வீதி அதிகார சபையை. உங்கள் பூவரசங் கிளை தெருவை மறித்தால், வெட்டும்படி அறிவித்தல் அனுப்புவதும் சபையே.

தறித்த மரத்தை லொறியில் ஏற்றவும் தனி அனுமதிப்பத்திரம் உண்டு. அதையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.