பட்டறைக்கும் ஒரு தராசு



கடை வைத்துப் பிழைக்கும் நமக்குத் தராசின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில், வானத்தை உயர்த்தியதைச் சொன்ன உடனேயே தராசை நிலைநாட்டியதையும், அதில் குறைவு செய்யலாகாது என்பதையும் அல்லாஹுத் தஆலா எடுத்துரைக்கின்றான். அந்தத் தராசு கடை மேஜையோடு நின்றுவிடுவதன்று. நம் நேரத்தையும் பணத்தையும் மனத்தையும் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதும் நிறுத்துப் பார்க்க வேண்டிய சரக்கேயாகும்.

இம்முறை நம் பாடத்திற்கு எடுத்துக் கொண்டிருப்பது மோட்டார் கார் கட்டும் பொழுதுபோக்கு. பழைய மோரிஸ் மைனரையோ, 1985இல் முதன்முதலாக வெளிவந்த புரோட்டோன் சாகாவையோ வாங்கி, கொட்டகையில் நிறுத்தி, இஞ்சினை இறக்கி, துருவைச் சுரண்டி, புதுக் காராக்கிப் பார்ப்பதில் நம் வாலிபர்களுக்கும், வாலிபம் கடந்தவர்களுக்கும் தனி ஆனந்தம் உண்டு. பகலெல்லாம் கடை, இரவெல்லாம் கொட்டகை என்றால் நடுவில் வீடு எங்கே? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

1. கைத்தொழிலின் கண்ணியம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். இந்தப் பொழுதுபோக்கு இழிவானதன்று. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்ததையும், கவச வளையங்களை அளவறிந்து கோக்கும்படி ஏவியதையும் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயம் கூறுகிறது. இரும்போடு பழகும் கை கண்ணியமான கை. அங்கும் அளவு என்ற சொல் வருவதைக் கவனியுங்கள்.

வீண் விளையாட்டுகளிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கு அளித்தவை இன்னவை என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஒரு ஹதீஸ் உண்டு. அம்பெய்தல், குதிரையைப் பழக்குதல், மனைவியோடு விளையாடி மகிழ்தல் ஆகிய மூன்றும் அதில் வருகின்றன. குதிரை அக்காலத்து வாகனம். வாகனத்தைப் பழக்குவதும் மனைவியை மகிழ்விப்பதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றை எடுத்துக் கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு அனுமதி ஏது?

2. கோயம்புத்தூர் காட்டிய பாடம்

சமயத்தால் வேறுபட்டாலும் மொழியால் நம்மவரான ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கையில் நமக்குப் படிப்பினை உண்டு. 1893இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டார். அதற்காக அவர் கடன் வாங்கவில்லை. கோவையில் ஓட்டலில் வேலை செய்து, சம்பளத்தைச் சேர்த்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். பிறகு அதை அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தே இயந்திர வித்தையைக் கற்றார்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய போதுதான் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியைப் பெற்றார். ஆசைக்குச் சேமிப்பு, தொழிலுக்குக் கடன் என்னும் இந்த வேற்றுமையை வணிகர்களாகிய நாம் மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். வருமானம் தரும் பஸ் தன் கடனைத் தானே அடைக்கும். கொட்டகையில் நிற்கும் கார் எதையும் அடைக்காது.

1952இல் இருவர் செல்லும் சிறிய கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாயில் தரலாம் என்று அவர் செய்து காட்டினார். அரசாங்க உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை. ஆனால் 1945இல் அவர் முயற்சியால் கோவையில் எழுந்த ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் எத்தனையோ வாலிபர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது. 1974இல் அவர் மறைந்தார். கட்டிய கார் ஊருக்குப் பயன்படாமற் போயிற்று. கற்றுக் கொடுத்த வித்தை பயன்பட்டது.

3. வீட்டின் ஹக்கு

ஸல்மானுல் ஃபார்ஸீ (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கி வைத்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) சகோதரரின் வீட்டிற்குச் சென்றபோது, வீட்டு அம்மையார் அலங்காரமின்றிப் பழந்துணியோடு இருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். உம் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமே இல்லை என்று பதில் வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று அபுத்தர்தா (ரலி) இருந்தார்கள். ஸல்மான் (ரலி) அவரைச் சாப்பிட வைத்து, உறங்க வைத்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு உண்டு. அவரவர் ஹக்கை அவரவர்க்குக் கொடும் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். புகாரீயில் பதிவான வரலாறு இது.

சகோதரர்களே, சற்று நிதானித்துப் பாருங்கள். அங்கே மனைவியின் பங்கை எடுத்துக் கொண்டது எது? சூதாட்டமா? சினிமாவா? அல்ல, வணக்கம்! நஃபிலான தொழுகைக்கும் நோன்புக்கும் கூட மனைவியின் பங்கை எடுத்துக் கொள்ள உரிமை இல்லையென்றால், ஒரு கார்புரேட்டருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவியவருக்கு, குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாயிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பதிலுரைத்தார்கள். நம் பிள்ளைகளிடம் வாப்பா எங்கே என்று கேட்டால், காருக்குக் கீழே என்ற பதில் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? அதை எண்ணிப் பார்ப்பது நலம்.

இதற்கு வழியும் உண்டு. கொட்டகைக்கு வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் என்று மனைவியோடு கலந்து வரையறுத்துக் கொள்ளலாம். மகனையும் மகளையும் பக்கத்தில் இருத்தி ஸ்பானரின் பெயரையும் பிஸ்டனின் வேலையையும் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து ஓடி ஒளியும் இடமாக இருந்தது, வீட்டின் ஓர் அறையாகி விடும்.

4. கல்லாவின் கணக்கு

வணிகருக்கு உள்ள பெரிய சோதனை கல்லாப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே. சம்பளக்காரனுக்கு மாதத்தில் ஒருநாள் பணம் வரும். நமக்கு நாள்தோறும் வரும். வந்ததெல்லாம் நம்முடையதன்று. சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியின் பணம் அதில் இருக்கிறது. கூட்டாளியின் பங்கு அமானிதமாக இருக்கிறது. வேலையாளின் சம்பளமும் இருக்கிறது. இவற்றை நிறுத்தி வைத்துவிட்டு இறக்குமதி டயர் வாங்குபவர் தம் பணத்தில் வாங்கவில்லை. வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபிமொழியின் கருத்து.

ஆகவே வரிசை இவ்வாறு இருக்கட்டும்: முதலில் பிறருக்குத் தர வேண்டியது, அடுத்து வீட்டுச் செலவு, பிறகு ஜக்காத்தும் ஸதகாவும் உறவினர் உதவியும், பின்பு சேமிப்பு, கடைசியாகக் கொட்டகை. மாதக் கடைசியில் 500 வெள்ளி மிஞ்சினால், அதில் 100 வெள்ளிதான் காருக்கு என்று முடிவு செய்தவர் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். பொறுமையோடு கட்டிய காரும் ஓடத்தான் செய்யும்.

ஜக்காத்தைப் பற்றி ஒரு விளக்கம். சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கும் காருக்கு ஜக்காத் இல்லை. விற்று இலாபம் பெறும் நிய்யத்தோடு வாங்கிய காரும், விற்பதற்காகச் சேர்த்த உதிரிப் பாகங்களும் வியாபாரச் சரக்காகும். நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அன்றைய சந்தை மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். உதிரிப் பாகம் வாங்கச் சேர்த்து வைத்த ரொக்கமும் கணக்கில் சேரும். ஐயமுள்ளவர்கள் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுவார்களாக.

5. அண்டை வீடும் ஜமாஅத்தும்

அண்டை வீட்டாரின் ஹக்கு பெரிது. நள்ளிரவில் சைலன்சர் இல்லாத இஞ்சினை முழக்குவதும், கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் பிறருக்குத் தீங்கிழைப்பதே. இந்நாட்டின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காரின் அமைப்பை அனுமதியின்றி மாற்றிச் சாலையில் ஓட்டுவதும் குற்றம். சாலையில் செல்வோரின் உயிரும் நமக்கு அமானிதமே.

தீங்கு செய்யாதிருப்பதோடு நின்றுவிடாமல் நன்மையும் செய்யலாம். சிறந்த செயல்கள் எவை என்று அபூதர் (ரலி) வினவியபோது, கைவினைஞனுக்கு உதவுவதையும், வேலை தெரியாதவனுக்காகச் செய்து கொடுப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக் கூறினார்கள். கார் வித்தை அறிந்தவருக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன? விதவைத் தாயார் ஒருவர் பலகாரம் கொண்டு சென்று விற்கும் வேனின் பிரேக்கைக் கூலியின்றிச் சரிசெய்வதும், மையத்து வண்டியைப் பழுதின்றிப் பார்த்துக் கொள்வதும், வேலையில்லாத வாலிபன் ஒருவனுக்கு வெல்டிங் பழக்குவதும் ஸதகாவே. பணம் குறைவாயுள்ளவர் கைத்திறத்தால் வள்ளலாகலாம்.

மலாக்கா நகரில் கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் எழுப்பிய அது, 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அந்த வணிகர்களுக்கும் அவரவர் ஆசைகள் இருந்திருக்கும். அவர்கள் ஏறிச் சென்ற வண்டி எதுவும் இன்று இல்லை. ஊருக்கென்று கொடுத்தது நிற்கிறது. அதில் இன்றும் தொழுகை நடக்கிறது.

6. சிந்தித்துப் பார்க்க

குடும்பத்தோடு அமர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

(அ) சென்ற மாதம் கொட்டகைக்குச் சென்ற மணி எத்தனை? பிள்ளைகளுக்குச் சென்ற மணி எத்தனை?

(ஆ) உதிரிப் பாகத்திற்குச் செலவிட்டது எவ்வளவு? ஸதகா எவ்வளவு?

(இ) கார் வேலைக்காக ஜமாஅத் தொழுகை தவறியதுண்டா? கடன் தவணை தாமதித்ததுண்டா?

(ஈ) நம் கைத்திறத்தால் இவ்வாண்டு பயனடைந்தவர் யார்?

விடைகளைத் தராசில் இட்டுப் பாருங்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காரை விற்றுவிட வேண்டியதில்லை. மற்றத் தட்டில் எடை சேர்த்தால் போதும்.

அவரவர் ஹக்கை அவரவர்க்குக் கொடுத்து வாழும் நற்பாக்கியத்தையும், வீட்டிலும் வியாபாரத்திலும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.