மருந்துக்கு முன் ஒரு நிமிடம்

மருந்து இன்னதென எழுதுபவர் மருத்துவர். அதனைக் காலமறிந்து கொடுப்பவர் செவிலியர். கொடுத்தல் எளிய செயல் என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. நோய் உடலில் விளைக்கும் மாறுதலையும், மருந்து ஆற்றும் வினையையும் அறியாத கை, நன்மை செய்யக் கருதியும் தீமை செய்துவிடக்கூடும். இவ்வுண்மையை டிஜாக்சின் என்னும் மருந்தைக் கொண்டு காண்போம்.

இதயம் தளர்ந்தால் குருதியைப் போதிய அளவு வெளியே செலுத்த இயலாது. சிறுநீரகங்களுக்குச் செல்லும் குருதி குறையும். அவை உப்பையும் நீரையும் உடலிலேயே நிறுத்தும். ஆகவே கால்கள் வீங்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

இங்கிலாந்தில் இவ்வகை வீக்கத்திற்கு மூதாட்டி ஒருத்தி மூலிகைக் கலவை ஒன்று கொடுத்து வந்தாள். 1775ஆம் ஆண்டில் அக்கலவையைப் பற்றிக் கேள்வியுற்ற மருத்துவர் வில்லியம் விதரிங், அதிலிருந்த இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளுள் பயன் தருவது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே எனத் தெளிந்தார். பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1785இல் நூலொன்று வெளியிட்டார். அளவு மிகின் வாந்தி உண்டாகும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி மந்தமாகும் என்று அந்நூலில் எச்சரித்தார்.

அவ்வினச் செடியிலிருந்து எடுக்கப்படுவதே டிஜாக்சின். இன்றும் இதய நோயாளர் சிலருக்கு அது தரப்படுகிறது. அஃது இதயத்தின் சுருக்கத்தை வலுப்படுத்தும். துடிப்பின் விரைவைத் தணிக்கும். ஆயின் பயன் தரும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடைவெளி மிகச் சிறிது. முதியோரின் சிறுநீரகம் அதனை விரைந்து வெளியேற்றாது. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் சிலவற்றை உடன் உண்டால், குருதியில் பொட்டாசியம் குறைந்து நஞ்சின் கொடுமை மிகும்.

இவற்றைக் கற்ற செவிலி, மாத்திரையைக் கொடுக்குமுன் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ணுவாள். முதியவர் ஒருவர், "உணவு வேண்டாம் அம்மா, விளக்கொளி மஞ்சளாகத் தெரிகிறது" என்கிறார் எனக் கொள்வோம். துடிப்போ 52. கல்லாதவள், கிழவர் பிடிவாதம் செய்கிறார் என்றெண்ணி மாத்திரையை ஊட்டிவிடுவாள். கற்றவளோ, பெரியவர்களுக்குத் துடிப்பு 60க்குக் குறைந்தால் அம்மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் நெறியை நினைவாள். அவளது கை நிற்கும், ஓருயிர் பிழைக்கும்.

மாணவர்களே! செவிலியர்க்கு அன்பு இன்றியமையாதது. அவ்வன்பிற்குக் கண்ணாக விளங்குவது கல்வியே. கொடுக்க அறிதல் போன்றே, கொடாது நிறுத்த அறிதலும் தொண்டின்பாற் படும்.