பிரிந்த பின் பிள்ளை யாரிடம்?

தலாக் ஆகட்டும், குலா ஆகட்டும், ஜமாஅத்தில் பேசி முடிக்கும்போது மஹர், நகை, சீர்ச் சாமான், இத்தாச் செலவு எல்லாம் எண்ணி எழுதப்படுகின்றன. பிள்ளைக்கு மட்டும் ஒரே வரி: "குழந்தை தாயிடம் இருக்கும்." ஆய்க்குடி, தென்காசி வட்டாரத்தில் நம்மிடம் வரும் வழக்குகளில் பல அந்த ஒரு வரியிலிருந்து கிளம்புபவைதான்.

மார்க்கம் இதை விரிவாகவே பேசுகிறது. பிள்ளையை வைத்து வளர்ப்பது ஹளானத். செலவுக்குக் கொடுப்பது நஃபகா. இரண்டும் வெவ்வேறு. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையும், பெண்பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம் இருக்கும். ஷாஃபி மத்ஹபில் விவரம் தெரியும் வயது வந்ததும் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும். தாய் மறுமணம் செய்துகொண்டால் பிள்ளை உடனே அத்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்று நம் ஊர்ப் பக்கம் பலர் நினைக்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் அடுத்த உரிமை தாயின் தாய்க்கு.

உமர் (ரலி) அவர்கள் தலாக் சொன்ன மனைவியிடம் பிறந்த மகன் ஆஸிம். குபா பள்ளி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனைக் கையைப் பிடித்துத் தம் வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். பாட்டி ஓடிவந்து மறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையைப் பாட்டியிடமே விடும்படி தீர்ப்பு. உமர் (ரலி) மறுவார்த்தை பேசவில்லை என்கிறது முவத்தா. உமரே பேசாமல் போன இடத்தில் நாம் தெருவில் நின்று சத்தம் போடுகிறோம்.

"பிள்ளை அவளிடம் இருக்க, நான் ஏன் செலவு கொடுக்க வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தில் குழந்தை பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செலவு என்று இருப்பதைக் காட்டி ஒரு தந்தை வாதாடினார். 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கு தாய் கேட்பதற்கு. பிள்ளைகளின் உரிமை தனி. மேஜராகும் வரை, பெண்பிள்ளைக்குத் திருமணம் வரை, வசதியுள்ள தந்தை கொடுத்தாக வேண்டும்.

அதற்காக, பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் ஒளித்து வைப்பதும் சரியல்ல. பிள்ளையைச் சாக்காக வைத்துத் தாயையும் வருத்தக் கூடாது, தந்தையையும் வருத்தக் கூடாது என்பதே அல்குர்ஆன் 2:233 தரும் கட்டளை. துபாயிலும் ரியாத்திலும் இருக்கும் அத்தாமார்களுக்கு 2020-ஆம் ஆண்டு யஷிதா சாஹு வழக்கின் தீர்ப்பு பயன்படும். பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடம் வீடியோ காலில் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த நேரத்தில் "உங்க உம்மா எங்கே போனா?" என்று துப்புக் கேட்டால், பிள்ளை மறுநாள் போனை எடுக்காது.

ஆகவே ஜமாஅத்தில் எழுதும்போதே மாதச் செலவு எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில், பள்ளிக் கட்டணம் யார், பெருநாள் அன்று பிள்ளை எங்கே, லீவில் அத்தா வந்தால் எத்தனை நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடிதடி நடந்த வீடானால் சந்திப்பு மூன்றாமவர் முன்னிலையில் இருக்கட்டும். இந்த எழுத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி நீதிபதி பிள்ளையின் நலனைத்தான் பார்ப்பார். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணில் அழைக்கலாம்.